மஞ்சள் விமானம் வந்த ஞாயிறு

அத்தியாயம் 11

ஈப்போவை அடுத்த செமோரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீடு முழுக்க வெண்ணிலா வாசனை. யாரோ ஒரு குழந்தைக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. பிரமிளா நீலக் கேக்கின் மேல் வெள்ளைக் கிரீமால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

படுக்கையறைக் கதவோரம் நின்று மகேந்திரன் அவள் கையைப் பார்த்தார். அமைதியான தண்ணீரில் படகு போகிற மாதிரி அந்தக் கை நகர்ந்தது. ஓரிடத்திலும் தயக்கமில்லை. கடைசி எழுத்து முடிகிற இடத்தில் மட்டும் லேசாக மேலே தூக்கி, வாலைச் சுழித்து விட்டாள்.

அவர் தம் வலது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

அந்தக் கையின் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐந்து மாதமாகக் கட்டைவிரலும் பக்கத்து விரலும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சில நாள் சமர்த்தாக இருக்கும். சில நாள், உள்ளேயிருந்து யாரோ மெல்லத் தட்டிக்கொண்டிருப்பதைப் போல ஆடும். வயது ஐம்பத்து நான்குதானே, தூக்கம் போதவில்லை என்று தமக்குத்தாமே சொல்லி வந்தார். டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்துவிட்டால் ஜெலாப்பாங் வேலை போய்விடும்.

ஜெலாப்பாங் இரும்பு யார்டில் இருபத்திரண்டு வருடமாக கிரேன் ஓட்டுகிறவர் மகேந்திரன். நான்கு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியேறி உள்ளே உட்கார்ந்தால் கீழே இருக்கிற மனிதர்கள் எல்லாம் மஞ்சள் தொப்பிகளாகிவிடுவார்கள். விமான ஆசை அவருக்குப் பிடித்ததும் அங்கேதான். ஒரு சுமையை இறக்கிவிட்டு அடுத்ததைக் கட்டும்வரை பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் தெற்கே, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு மேலே, வெள்ளிப் பொட்டு ஒன்று தோன்றும். மெல்ல வளையும். இறங்கும். குன்றுக்குப் பின்னால் கரைந்துபோகும். சத்தமே கேட்காது. கனவில் நடப்பது போலவே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் ஷர்மினி, பினாங்கில் வேலை பார்க்கிறவள், புதுக் கேமரா வாங்கிக்கொண்டு தன்னுடைய பழையதை அப்பாவிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் விமான நிலைய வேலியோரம் போய் நிற்கிறார். அவரைப் போலவே நிற்கிற ஒன்பது பேர் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழுவும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழுவில்தான் போன வாரம் அவர் படத்தைப் பார்த்து ஒருவன் சிரித்தது. காற்றாடி சுழலும் சின்ன விமானம் ஒன்றை மகேந்திரன் எடுத்திருந்தார். படத்தில் காற்றாடி அப்படியே நின்றிருந்தது. எஞ்சின் செத்துப் போச்சா, விழுந்துட்டு இருக்கா என்று கேட்டு அவன் மூன்று சிரிப்பு முகம் போட்டிருந்தான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஷட்டர் வேகமாகத் திறந்து மூடினால் சுற்றுகிற காற்றாடியும் உறைந்துபோகும். விமானம் கடையில் தொங்கும் பொம்மையாகிவிடும். ஷட்டரை மெதுவாக்கினால்தான் காற்றாடி புகைவட்டமாகப் பதியும். ஆனால் அதற்குக் கேமரா விமானத்தோடு கூடவே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் மொத்தமும் கலங்கிவிடும். மகேந்திரன் ஐந்து மாதமாக ஷட்டரை மெதுவாக்கவே இல்லை.

காரணம் தெரியாத ஷர்மினி, ஆட்டத்தைத் தாங்கிக்கொள்கிற லென்ஸ் இருந்தால் அப்பா அசத்திவிடுவார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிரமிளா அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தேழாவது வருடம். இந்தத் தடவை சேலை வேண்டாம், உங்களுக்கு லென்ஸ் வாங்கலாம் என்றாள். மகேந்திரன் இரண்டு நாள் தட்டிக்கழித்தார். பிறகு அவருக்கே ஓர் ஆசை துளிர்த்தது. ஆட்டத்தைத் தாங்குகிற லென்ஸ். கையில் இருப்பதை லென்ஸே மறைத்துவிட்டால்?

கேக்கைப் பெட்டிக்குள் வைத்து நாடா கட்டினாள் பிரமிளா. "கெளம்புங்க. கேக்கைக் குடுத்துட்டு அப்படியே ஈப்போவுக்குப் போலாம்" என்றாள்.

காரை அவளே ஓட்டினாள். சில மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் ஓட்டுகிறாள். முதுகு வலி என்று அவர் சொல்லியிருந்தார்.

உடையப்பனின் கடை ஈப்போ பழைய டவுனில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. மரப்படி ஏறினால் குளிர்ந்த சின்ன அறை. சுவரை ஒட்டிக் கண்ணாடி அலமாரிகள். ஈரம் புகுந்து லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவற்றுக்குள் நீல விளக்கு எரிந்தபடி இருக்கும். உடையப்பனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். விற்பதைவிடப் பேசுவதில்தான் அவருக்கு ஆனந்தம்.

இரண்டு லென்ஸை மேசையில் வைத்தார். இரண்டும் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தி விற்றவை. டார்ச்சை ஒவ்வொன்றின் பின்னால் பிடித்து, உள்ளே வெள்ளை நூல் போல ஏதாவது தெரிகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொன்னார். எதுவும் இல்லை. ஒளி மட்டும் கிணற்றடியில் நிலா மாதிரி வட்டமாக நின்றது. பிரமிளா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியது அறுநூறு மில்லிமீட்டர் வரை இழுக்கும். ஓடுபாதையின் மறுகோடியில் நிற்கிற விமானத்தின் சக்கரத்தையும் கண்முன்னால் கொண்டுவந்துவிடும். ஆனால் இரண்டு கிலோ. சின்னது நானூறோடு நின்றுவிடும், எடை பாதிதான். நம் ஊர் வேலிக்கும் ஓடுபாதைக்கும் நடுவே அதிக தூரமில்லை, நானூறு தாராளம் என்றார் உடையப்பன். அதற்கு மேல் போனால் விமானத்தை எடுப்பதில்லை, நடுவில் கொதிக்கிற வெயில் காற்றைத்தான் எடுக்கிறோம் என்று சிரித்தார்.

மகேந்திரன் பெரியதைத்தான் கேட்டார். அதன் கழுத்தில் ஆட்டம் தாங்கும் பொத்தான் இருந்தது.

சன்னலைத் திறந்துவிட்டு, எதிர்க் கட்டடத்துப் பச்சைச் சன்னலில் உட்கார்ந்திருந்த புறாவைக் குறிவைக்கச் சொன்னார் உடையப்பன். மகேந்திரன் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். புறா சட்டத்துக்குள் வந்தது. உடனே வெளியே போனது. மறுபடி வந்தது. பச்சைச் சன்னல் பூகம்பம் வந்ததைப் போலத் துள்ளியது. பொத்தானைப் போட்டதும் துள்ளல் அடங்கியது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக, விடாமல், அசைந்துகொண்டே இருந்தது. நாலைந்து படம் எடுத்தார்.

எடை அதிகமாயிருக்கும், சின்னதைப் பாருங்கள் என்றார் உடையப்பன். சின்னதிலும் புறா அசைந்தது.

உடையப்பன் கேமராவை வாங்கி, திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பேச்சுக்காரரான அவர் அப்போது எதுவும் பேசவில்லை. லென்ஸில் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படிச் செய்தாரோ என்னவோ, கேமராவை பிரமிளாவிடம் நீட்டி, அக்கா ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் என்றார். அவள் வெட்கத்தோடு வாங்கிப் பிடித்தாள். ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

திரையில் புறாவின் கழுத்தில் ஊதாவும் பச்சையுமாக மினுங்கிய ஒவ்வோர் இறகையும் எண்ணலாம் போலிருந்தது.

அலமாரிக்குள் விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உடையப்பன், இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம், இரண்டையும் சாயங்காலம்வரை கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள் என்றார். ஓரத்தில் கிடந்த ஒற்றைக்கால் தாங்கியையும் கொடுத்தார். படி இறங்கும்போது மகேந்திரனின் தோளை லேசாகத் தொட்டு, "வெயிட்டு பார்க்காதீங்கண்ணே. பையில தூங்குற லென்ஸ் எவ்வளவு பெருசா இருந்து என்ன" என்று மட்டும் சொன்னார்.

பிரமிளா எதையும் கேட்கவில்லை. அதனால் அவள் எதையும் கவனிக்கவில்லை என்று மகேந்திரன் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

சாப்பாட்டுக் கடையில் அவர் ஐஸ் கோப்பி சொன்னார், உறிஞ்சுகுழல் போட்டு. சோறு வேண்டாம் என்றார். பிரமிளா தன் இலையிலிருந்து வடையை எடுத்து அவர் பக்கம் வைத்தாள். அப்போது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. யார்டில் கூட வேலை பார்க்கிற தேவன். மகேந்திரன் மேலே கூண்டில் இருக்க, கீழே நின்று கைச்சாடை காட்டிச் சுமையை நடத்துகிறவன் அவன்தான். எட்டு வருடமாக இருவரும் அப்படித்தான், நாலு மாடி இடைவெளியில், பேச்சே இல்லாமல் பேசிக்கொள்கிறார்கள்.

நாளை காலை எட்டு மணிக்குப் பெரிய உத்திரம், பதினெட்டு டன், முதலாளியும் வருகிறார், நீங்கள்தான் ஏற வேண்டும் என்று ஆபீஸில் சொல்லச் சொன்னார்களாம். செய்தி அவ்வளவுதான்.

மகேந்திரன் அதை இரண்டு முறை படித்தார். மார்புக்குள் ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் குளிர். "யாருங்க?" என்று கேட்டாள் பிரமிளா. "வேலை விசயம்" என்றார்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. ஈப்போவில் சொல்லிவைத்தாற்போல் வருகிற மழை. நாலரைக்கு நின்றுவிட்டது. அவர்கள் வேலியோரத்து மண்பாதைக்கு வந்து சேர்ந்தபோது உலகம் அப்போதுதான் கழுவி வைத்தது போலிருந்தது. கிழக்கே குன்றுகள் நனைந்த யானைகளாக நின்றன. அவற்றின் இடுப்பில் மேகத்துண்டுகள் சிக்கிக்கொண்டு அவிழ மறந்திருந்தன. மேற்கே சூரியன் மேகத்தின் அடியில் வந்து, ஓடுபாதையின் ஈரத்தை நீளமான ஒரு பொன்தகடாக ஆக்கியிருந்தான்.

இந்த வெளிச்சத்துக்காகத்தான் குழுவிலிருந்தவர்கள் ஒரு வாரமாகத் தவம் கிடந்தார்கள். நில அளவைக்காரர்களின் விமானம் ஒன்று, இரட்டைக் காற்றாடி, உடம்பு முழுக்க மஞ்சள் வண்ணம், பினாங்கிலிருந்து வந்து எண்ணெய் போட்டுக்கொண்டு ஜொகூருக்குப் போகிறது. ஈப்போவுக்கு மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் மறுமுனை வேலிக்குப் போய்விட்டார்கள். மகேந்திரனுக்கு இந்த முனைதான் பிடிக்கும். இங்கிருந்து பார்த்தால் விமானத்துக்குப் பின்னால் குன்று வரும்.

காத்திருக்கும்போது பிரமிளா காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, இந்த விமானங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. மகேந்திரன் யோசித்தார். பிறகு கூண்டைப் பற்றிச் சொன்னார். அங்கே காலையில் பனி நகர்வதை, குன்றுகள் தீவுகள் போல மிதப்பதை, வெள்ளிப் பொட்டு சத்தமின்றி இறங்குவதைச் சொன்னார். அவ்வளவு கனமான ஒன்று அவ்வளவு மெல்லத் தரையைத் தொடுவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும் என்றார். தாமும் அதைத்தான் செய்ய முயல்வதாகச் சொன்னார். இருபது டன் இரும்பை முட்டை வைக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதிகம் சொல்லிவிட்டோமோ என்றிருந்தது.

ஐந்தே கால் மணிக்குச் சத்தம் கேட்டது. ஜெட் விமானத்தின் இரைச்சல் இல்லை. தேனீக்கூட்டம் தூரத்தில் போகிற மாதிரி ஒரு ரீங்காரம். மேகத்திலிருந்து ஒரு மஞ்சள் துளி பிரிந்து வந்தது.

அவர் பெரிய லென்ஸைத்தான் மாட்டியிருந்தார். ஒற்றைக்காலை மண்ணில் ஊன்றினார். ஷட்டரை மெதுவாக்கினார், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக. மஞ்சள் விமானம் பெரிதாகிக்கொண்டே வந்தது, சக்கரங்கள் தொங்கின, சூரியன் அதன் மூக்கில் ஒரு கணம் பற்றி எரிந்தான். அவர் அழுத்தினார். அழுத்திக்கொண்டே திரும்பினார். கால் தாங்கியது, கை தாங்கவில்லை. ஆட்டம் கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டுக்கு ஏறி, கேமராவுக்குள் இறங்குவதை அவரால் உணர முடிந்தது. சட்டத்துக்குள் மஞ்சள் நிறம் மேலும் கீழுமாகத் தெறித்தது.

ஓடுபாதையைத் தொடப்போகிற நேரத்தில் ஒரு குறுக்குக் காற்று வேலியை உலுக்கியது. விமானத்தின் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டென்று ரீங்காரம் உயர்ந்தது. தரையைத் தொடாமலே அது மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது.

"ஏங்க, போவுது?" என்றாள் பிரமிளா.

காற்று பிடிக்கவில்லை, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வரும், ஏழெட்டு நிமிடம் ஆகும் என்றார். சொல்லிக்கொண்டே திரையில் படங்களைப் பார்த்தார். பதினாறு படம். பதினாறிலும் மஞ்சள் கறை. மழையில் நனைந்த சாயத்துணி மாதிரி.

மகேந்திரன் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். குன்றுக்குப் பின்னால் ரீங்காரம் தேய்ந்துகொண்டே போனது. எத்தனை நல்ல லென்ஸ் வந்தாலும் இதுதான் வரும் என்பது அவருக்கு அப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆச்சரியமாக, அது அத்தனை வலிக்கவும் இல்லை. நெடுநாள் தூக்கிச் சுமந்த ஒன்றை எங்கே இறக்குவதென்று இடம் பார்க்கிறவரைப் போல சுற்றிலும் பார்த்தார்.

பெரிய லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். சின்னதை மாட்டினார். ஒற்றைக்காலையும் எடுத்துவிட்டார். கேமராவின் வாரை பிரமிளாவின் கழுத்தில் போட்டார்.

"நீ எடு" என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்டாள். அவர் சொல்லிக்கொடுத்தார். காலை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அசைக்கக்கூடாது. இடுப்பிலிருந்து மட்டும் திரும்ப வேண்டும். விமானம் சட்டத்துக்குள் வந்ததும் அதன் மூக்கில் கண்ணை வைத்துக்கொண்டு அதோடேயே போக வேண்டும். அழுத்திய பிறகும் நிற்கக்கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். கேக்கைச் சுற்றிக் கிரீம் கோடு இழுக்கிற மாதிரியா என்றாள். அதே மாதிரிதான் என்றார்.

ரீங்காரம் திரும்பி வந்தது. மஞ்சள் துளி குன்றின் தோளைச் சுற்றிக்கொண்டு வெளிப்பட்டது. பிரமிளா கேமராவைத் தூக்கினாள். அவளுடைய முழங்கை கொஞ்சம் விலகியிருந்தது. அதைச் சரிசெய்யலாம் என்று அவர் பின்னால் நின்று இரண்டு கையையும் அவள் தோளில் வைத்தார்.

கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே அவள் சொன்னாள்: "கையை எடுங்க. நடுங்குது."

குரலில் கோபம் இல்லை. பால் பொங்குது, அடுப்பைக் குறைங்க என்று சொல்கிற அதே குரல்தான்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

விமானம் அவர்களைக் கடந்தது. பிரமிளா அதோடு திரும்பினாள், இடமிருந்து வலமாக, காலடி மண்கூட நகராமல். கேமரா மெல்லப் பேசியது. சக்கரங்கள் ஈரத்தைத் தொட்டதும் இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகு விரித்து எழுந்தது. பொன்தகடு உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. விமானம் தூரத்தில் போய் மெதுவாகத் திரும்பிய பிறகும் அவள் சற்றுநேரம் அப்படியே நின்றாள்.

படங்களை இருவரும் காருக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். பாதி சரியில்லை. ஒன்றில் வால் மட்டும் இருந்தது. பதினொன்றாவது படத்தில் மகேந்திரனின் கண் நின்றுவிட்டது.

மஞ்சள் உடம்பு கத்தியால் வெட்டிய மாதிரித் தெளிவு. விமானியின் வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. இறக்கைகளில் காற்றாடிகள் இல்லை. காற்றாடி இருந்த இடத்தில் ஊதினால் கலைந்துவிடும் போல இரண்டு மெல்லிய வெள்ளி வட்டங்கள். பின்னால் குன்று பச்சைக் கோடுகளாக இழுபட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அதைக் குழுவில் போடவில்லை. மகளுக்கு மட்டும் அனுப்பினார். அடுத்த நிமிடமே ஷர்மினி எந்த லென்ஸ் என்று கேட்டு எழுதினாள். சின்னது, அம்மா எடுத்தது என்று பதில் போட்டார். அந்த மூன்று வார்த்தையைத் தட்ட அவருக்கு நேரம் பிடித்தது. பிரமிளா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதவிக்கு வரவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

"அஞ்சு மாசம்."

"சூடாக் கோப்பி குடிச்ச மனுசன் ஐஸ் போட்டு உறிய ஆரம்பிச்சப்பவே எனக்கு என்னமோ பட்டுச்சு. காரைக் குடுத்தப்ப முதுகுன்னு சொன்னீங்க, நம்பிட்டேன். இன்னிக்குக் கடையில அந்தப் புறாவைப் பாத்ததுந்தான் தெரிஞ்சது."

அவர் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மழைத்துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு தலைகீழ் குன்று.

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொன்னா நெசமாயிடும்லா."

அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை. அது அங்கேயே கொஞ்சநேரம் ஆடியது. பிறகு சோர்ந்துபோய் அடங்கியது. அவள் என்னென்னவோ சொன்னாள். நாளைக்கே கிளினிக்குப் போகலாம் என்றாள். சின்ன லென்ஸே போதும், அதை வாங்கிக்கொள்ளலாம், நான் பிடிக்கிறேன், எப்போ எந்தப் பக்கமிருந்து வருமென்று நீங்கள் சொல்லுங்கள் என்றாள். கேட்கக் கேட்க அவருக்குத் தூக்கம் வருகிற மாதிரி இதமாக இருந்தது.

திடீரென்று அவள் பேச்சை நிறுத்தினாள்.

"அங்க மேல ஏறி இரும்பைத் தூக்குறப்ப," என்றாள் மெதுவாக, "கீழ ஆளுங்க நிப்பாங்கல்ல?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் ஐந்து மாதமாகப் பயந்துகொண்டிருந்தார். யாரும் கேட்காததால் தாமும் கேட்டுக்கொள்ளாமல் இருந்தார். போன புதன்கிழமை ஒரு தகடு இறக்கும்போது விசைப்பிடி கைக்குள் துள்ளி, சுமை ஒரு முழம் ஆடியது. கீழே மஞ்சள் தொப்பி ஒன்று சட்டென்று பின்வாங்கியதை அவர் கூண்டிலிருந்து பார்த்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்பதை நினைத்தபோது இப்போது அவமானமாக இருந்தது.

"தேவன் நிப்பான்" என்றார்.

தேவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுடைய பிறந்தநாள் கேக்கெல்லாம் பிரமிளாவின் கையால்தான்.

மகேந்திரன் கைப்பேசியை எடுத்தார். பெயரைத் தேடித் தொடுவதற்குள் இரண்டு முறை விரல் வழுக்கியது. ஒலிபெருக்கியைப் போட்டுக் காரின் முன்மேடையில் வைத்தார். தேவன் உடனே எடுத்தான். பின்னால் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

"தேவா. நாளைக்கு நான் மேல ஏற மாட்டேன்."

தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. தேவன் எங்கேயோ வெளியே நடந்துபோவது கேட்டது.

"என் கை சரியில்ல. அஞ்சு மாசமாவே சரியில்ல. உன்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். அந்தப் புதன்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்ண்ணே" என்றான் தேவன்.

மூன்று மாதமாகவே அவனுக்குத் தெரியுமாம். கம்பி ஆடுகிற விதத்திலேயே மேலே கை ஆடுவது தெரிந்துவிடுமாம். அதிலிருந்து மகேந்திரன் தூக்குகிற எந்தச் சுமைக்கும் பக்கத்தில் மற்ற ஆட்களை அவன் விடுவதில்லை. ஏதாவது வேலை சொல்லி மூலைக்கு அனுப்பிவிடுவான். அவன் மட்டும் நிற்பான்.

"ஏன்டா சொல்லல?" என்றார் மகேந்திரன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்ண்ணே." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டான். "இப்ப சொல்லிட்டீங்க. அதனால நானும் ஒண்ணு சொல்லிடுறேன். சொல்லக்கூடாதுன்னாங்க."

பிரமிளா கைப்பேசிப் பக்கம் குனிந்தாள்.

"புதன்கிழமை ஆடுனது யார்டு கேமராவுல பதிஞ்சிருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு மொதலாளி வாரது உத்திரத்தைப் பாக்க இல்லண்ணே. உங்களைப் பாக்க. நான் தெரிஞ்சும் மறைச்சேன்னு என்னையும் சேர்த்து அவரு முன்னால வந்து நிக்கச் சொல்லியிருக்காங்க."

ஓடுபாதைக்கு அப்பால் மஞ்சள் விமானம் எண்ணெய் குடித்து முடித்து மறுபடி உறுமத் தொடங்கியிருந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

தேவனுக்குப் பதில் சொல்ல மகேந்திரன் வாயைத் திறந்தார். அதற்குள் பிரமிளா கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எட்டு மணிக்குத்தானே, தம்பி?" என்றாள். "நானும் வாரேன்."